பாஸ்கு வராத வருஷம்

ஐப்பசி பிறந்து மலை முழுக்கக் கோப்பிப் பழம் சிவந்துவிட்டது. சவரியாயிக்கு மட்டும் தபசு காலம் இன்னும் முடியவில்லை.

வேதக்காரர்கள் மாசி, பங்குனியில் நாற்பது நாள் நோன்பு பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு. ஒருசந்தி என்பார்கள் அதை. நோன்பு முடிந்தால் பாஸ்கு, ஆண்டவர் கல்லறையை விட்டு எழுந்த திருநாள். மணி அடிக்கும், வெடி வெடிக்கும், வயிறாரச் சாப்பிடலாம். ஊர் உலகத்திலுள்ள வேதக்காரர்களுக்கெல்லாம் அந்த வருஷத்துப் பாஸ்கு சித்திரையிலேயே வந்து போய்விட்டது. இலங்கையில், கண்டிப் பக்கம் திகனைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரே ஒரு வேதக்காரி இருந்தாள். அவளிடம் வந்து சொல்லத்தான் ஆளில்லை. ஆள் வந்து சொல்லாததால் அவளும் நோன்பை முடிக்கவில்லை.

பைத்தியம் என்றுதான் லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நீங்களும் சொல்லலாம், யார் வேண்டாம் என்றது? கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சவரியாயியும் புருஷன் சந்தியாகுவும் மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கடல் தாண்டி வந்தவர்கள். பூசை வைக்கிற சாமியார் இந்த மலைக்கு வருவதில்லை. கண்டியில் இருக்கிற ஒரு சாமியார் எத்தனை மலைதான் ஏறுவார், பாவம்! அதனால் கண்டி வழியாக வரும்போதே சந்தியாகு கோயிலுக்குப் போய், நோன்பு தொடங்கும் விபூதிப் புதன் என்றைக்கு, பாஸ்கு என்றைக்கு என்று கேட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் சொல்லுங்களேன்" என்று இவள் கேட்டால், "நான் இருக்கேன்ல, அன்னிக்கு எழுப்பி விடுறேன். நீ எதுக்கு அதையெல்லாம் தலையில போட்டுக்கிற?" என்பார்.

இருந்தார், பெரிய மனுஷன்! பாதித் தபசில் காய்ச்சல் வந்து படுத்தார், அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். பாஸ்கு நாளையும் கூடவே கொண்டுபோய்விட்டார். அவரை அடக்கம் பண்ணிய கையோடு சவரியாயியும் அதே காய்ச்சலில் விழுந்தாள். கண் விழித்து எழுந்தபோது எத்தனை ஞாயிறு போனது என்று தெரியவில்லை. பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து அறை, பாலம்மாவிடம் கேட்டாள்.

"நாலு போயிருக்கும், ஆறும் போயிருக்கும்" என்றாள் பாலம்மா. "நீ பொழைப்பியான்னு நாங்க பாத்துக்கிட்டிருந்தோம். ஞாயித்துக்கெழமைய யாருடி எண்ணுனா?"

அன்றிலிருந்து காத்திருப்புதான். கண்டிக்கே நடந்துபோய்க் கேட்டுவிடலாம் என்றால், சொல்லாமல் தோட்டத்தை விட்டு இறங்கினவர்களைப் பொலிஸ் பிடித்து மறியலில் அடைத்தது. ஒரு நாள் ரஜா கேட்டதற்குக் கங்காணி சிரித்தார்.

"ஏதாச்சும் ஒரு ஞாயித்துக்கெழமையப் பாத்து ரெண்டு வேளை தின்னுத் தொலையேன்டி" என்று பாலம்மா திட்டினாள்.

"நானா ஒரு நாள வச்சா அது நான் வச்ச நாளுதானே அக்கா? ஆண்டவரு இன்னும் கல்லறைக்குள்ள கெடந்தார்னா? அவர உள்ள வச்சுட்டு நான் வெளிய ஒக்காந்து கொழம்பு ஊத்தித் திங்கவா?"

பாலம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சும்மா பட்டினி கிடந்தால் அது நோன்பில்லை, வீம்பு என்று சவரியாயிக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே ராத்திரிச் சோற்றுக்கான அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, லயத்தில் யார் காய்ச்சலில் படுத்திருந்தாலும் கொண்டுபோய் ஊற்றுவாள். அந்த ஆனி, ஆடி மழையில் லயத்தில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் வேதக்காரி கஞ்சியைக் குடித்தார்கள். கஞ்சி சூடாக இருந்தது, அது போதாதா?

அவளுக்குப் பக்தி பொங்கி வழிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். சலித்துப் போயிருந்தாள். மலையேறிப் பறித்து, மூட்டை சுமந்து இறங்கி, கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டு, செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியிலேயே தூங்கிவிடுவாள். சில நாள் ஆண்டவர்மேல் கோபம் வந்தது. சந்தியாகுமேல் அதைவிடக் கோபம் வந்தது. எழுப்பி விடுகிறேன் என்றவர் எழுப்பாமலே போய்விட்டாரே! அவர் எழுப்பாத பாஸ்குவுக்கு இவளாக எப்படி எழுந்திருப்பது? புருஷன் செத்ததற்கு அவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுகைகூட எங்கோ வழியில் நின்றுவிட்டது போலிருந்தது.

மலைக்கு மேலே அரிசி ஏற்றி வந்து, கோப்பி மூட்டையைக் கீழே கொண்டுபோகிறவர் மடவளைக்காரர் உதுமா லெப்பை. பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு கண்டிக்கும் தோட்டத்துக்குமாக நடக்கிறவர். வெளியுலகம் என்று சவரியாயிக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டு, வைகாசியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா, கண்டிக் கோயில்ல பாஸ்கு வந்துருச்சான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

லெப்பை சரி என்று போனார். அந்த முறை மழையில் பாதை இடிந்து, ஆடி முடியும்வரை மாடு மேலே ஏறவில்லை. அவர் வந்த அன்று ஓடிப்போய்க் கேட்டாள்.

"கேட்டேன் தங்கச்சி. வெள்ளக்காரத் தொரைமார் போற பெரிய கோயில்ல கேட்டேன். எப்பவோ முடிஞ்சி எண்டு செல்றாங்க."

"தொரைமார் போற கோயிலா? ஐயையோ, அது பதிதர் கோயிலு நானா! மாதாவ ஏத்துக்காதவங்க சொல்ற பாஸ்கு நமக்கு ஆகாது. உள்ள மாதா சுரூபம் இருக்கணும். அந்தக் கோயில்ல கேக்கணும்."

லெப்பை நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குள்ளயும் ரெண்டு பிரிவா? சரிதான் போ. அஞ்சு நேரம் தொழுற மனிசன், கோயில் கோயிலாப் போய் உள்ள சிலை ஈக்கிதா எண்டு எட்டிப் பாக்கணும். இதுவும் என்ட தலையில எழுதி ஈக்கி."

வாய்தான் அப்படிப் பேசியது. அடுத்த முறை கண்டிக்குப் போனதும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். கோயில் பூட்டியிருந்தது. சாமியார் மாத்தளைப் பக்கம் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாதாம். அதை வந்து சொன்னபோது சவரியாயி கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் பறிப்பு மும்முரமானது. பறித்த பழத்தை அன்றைக்கே ஸ்டோரில் சேர்க்க வேண்டும், வைத்தால் கெட்டுப்போகும். ஒரு நாள் பின்னேரம் மூட்டையோடு சரிவில் இறங்கும்போது சவரியாயி மயங்கி விழுந்தாள். பழமெல்லாம் காட்டுக்குள் உருண்டு ஓடிவிட்டது. கறுப்பையா கங்காணி வந்து நின்றார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் தலைக்குமேல் ஒரு துரை இருந்தார்.

"ஒரு வேளைச் சோத்துல கோப்பி மூட்ட தூக்க முடியுமா? தொரைகிட்ட நானும் எம்புட்டு நாளைக்குத்தான் பொய் சொல்றது? வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். ரெண்டு வேளையும் தின்னு நிமிந்து நின்னீன்னா இரு. இல்லேன்னா காம்பராவக் காலி பண்ணிக்கிட்டு எங்கிட்டாச்சும் போ."

எங்கே போவது? ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு தலைமன்னார் வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்தால் பாதி வழியில் நரிக்குத்தான் போகும். அது அவளுக்கும் தெரிந்தேயிருந்தது.

அன்றைக்குப் பாலம்மா சோறு ஆக்கிக் கொண்டுவந்து முன்னால் வைத்து அழுதாள். "தின்னுடி. ஒன் சாமி ஒன்ன என்ன அடிக்கவா போகுது?"

சவரியாயி தட்டின்மேல் கை வைத்தாள். வைத்த கை அப்படியே இருந்தது. சாப்பிட ஆசையாக இருந்தது, வெட்கமில்லாமல் அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் கையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லட்டும்க்கா. யாராச்சும் வந்து சொல்லட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் மாட்டு மணி கேட்டது. உதுமா லெப்பை மூட்டையைக்கூட இறக்காமல் நேரே லயத்துக்கு வந்தார். சவரியாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாலம்மாவும் வெளியே வந்தாள்.

"சாமியாரக் கண்டேன்" என்றார் லெப்பை. "தாடிக்காரர், நல்லாத் தமிழ் பேசுறார். உன்ட கதைய முழுக்கச் சென்னேன். அந்த மனிசன் அழுதிட்டார், தங்கச்சி. பாஸ்கு சித்திரையிலயே வந்திட்டாம். ஆண்டவர் உயிர்த்திட்டார், நோன்பு போதும், அந்தப் பிள்ளையச் சாப்பிடச் செல்லு எண்டு சென்னார்."

சவரியாயி அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை மாதமாகக் காத்திருந்த சொல் வந்துவிட்டது, அவளால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

"உயிர்த்துட்டாரா?"

"சாமியார் அப்படித்தான் செல்லச் சென்னார்."

"சாமியார் சொன்னது சரி. நீங்க சொல்லுங்க நானா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உயிர்த்துட்டாரா?"

மாட்டிக்கொண்டார் மனுஷர்! இவளுடைய ஆண்டவர் அவருடைய மார்க்கத்தில் ஈஸா நபி; அவர் சிலுவையில் சாகவே இல்லை. சாகாதவர் எப்படி உயிர்த்து எழுவார்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, இவள் சாப்பிட்டுவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவோ, அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மனம் வரவில்லை. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"தங்கச்சி, எங்கட கிதாபுல அவர் மவுத்தாகவே இல்ல. அவர யாரும் கொல்ல ஏலாமப் போச்சி. அல்லா அவர அப்படியே தூக்கிக்கொண்டான்."

"அப்போ?"

"அப்போ என்ன? உசிரோட ஈக்கிறார். இந்த நேரத்திலயும் உசிரோட ஈக்கிறார். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அல்லா மேல ஆணையாச் செல்றேன்."

சவரியாயி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பிறகு லயமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஐயோ, என் ராசா, என்னய விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று சந்தியாகுவைச் சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்து ஏழு மாதம் கழித்து அவள் அழுத அழுகை அது. லெப்பை மாட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். யாரும் அவளைத் தேற்றவில்லை, அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் பாலம்மா சோறு கொண்டுவந்தாள். சவரியாயி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மெதுவாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் அதைப் பாலம்மா பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுக்கா."