தண்ணீரே வராத வீடு

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டுக் கூடத்திலும் காலண்டர்கள் பெரியவர்களின் இடுப்புக்குக் கீழேதான் தொங்கும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று ஒன்பது வயதுவரை நினைத்திருந்தேன். மளிகைக் கடை, நகைக் கடை, கோயில் என்று எங்கள் சுவரில் ஒரு வரிசையே உண்டு. சரஸ்வதியின் முகத்தைப் பார்க்க அம்மா குனிய வேண்டும். "பிள்ளைங்க தேதி பார்க்கணும்ல" என்பார் அப்பா.

ஆறு பக்கத்திலேயே ஓடியது. ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததே இல்லை. அப்பா அப்படித்தான் சொல்வார். மேட்டு நிலம் என்று சொல்லி, அம்மாவைச் சம்மதிக்க வைத்து அந்த வீட்டை வாங்கியவர் அவர். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் வேறு. போன மழையில் நான் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து, என் செருப்பு வாசலைத் தாண்டி மிதந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்பா வைத்த பெயர் 'கொஞ்சம் ஈரம்'.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தார். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாடகை அறை. சனிக்கிழமைகளில் கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கும்போது பையில் துணியைவிட அவர் துறை வெளியிடும் ஆய்விதழின் பழைய பிரதிகள்தான் அதிகம் இருக்கும். அந்த இதழின் கதையைத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது. விரிவுரையாளர்கள் சிலர் தாங்களே தட்டச்சு செய்து ஆரம்பித்ததாம். முதலில் ஆறும் மலையும் மழையும். பிறகு ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும். தோட்டங்கள் போனபின் அங்கிருந்து நகரத்துக்கு வந்தவர்கள், அவர்கள் குடியேறிய அடுக்குமாடிகள், ரயில் பாதைகள். "மனுசன் கால் வச்ச இடமெல்லாம் இதுல வரும்லா" என்பார். அந்த இதழில் அவர் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. வெள்ளம் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்து எழுதினால் பார்க்கலாம் என்று இதழாசிரியர் சொல்லியிருந்தார். சின்னம்மா எங்கள் வீதியைத் தேர்ந்தெடுத்தார். அளவுநாடாவைத் தூக்கிக்கொண்டு நானும் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் குடிக்க மைலோ கிடைத்தது. ஒரு வீட்டிலும் வெள்ளம் கிடைக்கவில்லை. "இங்க தண்ணியா? சேச்சே, வந்ததே இல்லம்மா." முந்தின நாளே அப்பா ஒரு சுற்று போய், வெள்ளம் என்று எழுதினால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வீடு திரும்பிய சின்னம்மா சோபாவில் சரிந்து, "கட்டுரை இல்லன்னு சொல்லிடுறேன்க்கா" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்ச் சரஸ்வதியைச் சுவரிலிருந்து கழற்றினேன். பின்னால், செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. மற்ற காலண்டர்களையும் கழற்றினேன். கோடு நேராகப் போய் அலமாரிக்குப் பின்னால் நுழைந்தது.

"இது வரைக்கும் தண்ணி வந்துச்சு சின்னம்மா. என் செருப்பு அது மேலதான் போச்சு."

"அது பைப்பு கசிஞ்சதுலா" என்றார் அப்பா. அடுப்படியில் அம்மா தேவையில்லாமல் இருமினார்.

சின்னம்மா வாதாடவில்லை. "பேரு வராது அத்தான், வீட்டு நம்பர்கூட வராது. இத்தனை வருசமா இந்த இதழ்ல ஆறு கரையோட நின்னுடுச்சு. கரை தாண்டி வீட்டுக்குள்ள வந்தத யாரும் எழுதல. எழுதினாத்தானே ஏன்னு ஒருத்தராவது கேட்பாங்க?"

அப்பா என் கையிலிருந்த நாடாவை வாங்கி, குந்தி உட்கார்ந்து, அதன் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்தார். "அளந்துக்கம்மா."

அன்று மாலை அவரே எங்களோடு வந்தார். வீதி முழுக்கக் காலண்டர்கள் சுவரைவிட்டு இறங்கின.

அந்தக் கட்டுரை வெளிவந்தது. சின்னம்மா கொண்டுவந்த இதழில் பக்கம் பக்கமாக என் பெயரைத் தேடினேன். 'கிள்ளானில் ஒரு குடியிருப்பு' என்று மட்டும் இருந்தது. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். எனக்கு ஒரு வரி இல்லை! பேனாவால் நானே எழுதிக்கொள்ளப் போவதாக அறிவித்தேன். அப்பா இதழைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். எனக்கு எட்டக் கூடாது என்றுதான் அங்கே வைத்தார் என்று நம்பி, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அடுத்த மழையில் நான் மறுபடியும் சாப்பாட்டு மேசைமேல் இருந்தேன். "இப்பவாவது எடுத்துக் கொடுங்கப்பா" என்றேன். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அப்பா அலமாரியின் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றார். "கீழ கொஞ்சம் ஈரமா இருக்கு."

எட்டக் கூடாது என்று அவர் நினைத்தது எனக்கல்ல, தண்ணீருக்கு என்பது அப்போதும் எனக்குப் புரியவில்லை.