ஆற்றிய தண்ணீர்

என் மேசை இழுப்பறையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம்தான் வரும். திருச்சுழிப் பக்கத்து ஊராட்சி ஒன்றின் பிரசிடெண்டம்மா, பளபளவென்று கழுவித் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்த குப்பி அது.

அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் பெயிண்டுக் கடை வாடை அடித்தது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இயந்திரச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துக் கழுவும் பட்டறை ஒன்று வந்திருந்தது. கழுவி முடித்த கரைப்பானைப் பின்னாலிருந்த குழியில் ஊற்றிவிடுவார்கள். அது தண்ணீரில் கலந்திருக்கிறது என்று சோதனை காட்டினால்தான் கிணற்றை மூடி வேறு தண்ணீர் தருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட ஊரே அதைத்தான் குடித்தது. பிரசிடெண்டம்மா நடையாய் நடந்து சோதனைக்கு அனுமதி வாங்கினார். அருப்புக்கோட்டையில் தண்ணீர் சோதிக்கும் இடத்தில் வேலை பார்த்த நான், குப்பியைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். கழுவவே கூடாது, உள்ளே மருந்துச் சொட்டு இருக்கிறது. குழாயை மெல்லத் திறந்து, ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிறைத்து மூட வேண்டும். காற்றுப் பட்டால் கரைப்பான் பறந்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. பட்டறைக்காரர் அந்தத் தாளைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டினார். எப்படிப் பிடித்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“சொம்புல புடிச்சு மேலயும் கீழயும் நல்லா ஆத்துனேன் தம்பி. வாடை போனப்பெறகு குப்பிய அலசி ஊத்துனேன்.”

“கழுவ வேணாம்னு சொன்னேனேம்மா!”

“நீங்க மரியாதைக்கு வேணாம்பீக. நாத்தம் புடிச்ச தண்ணியவா வெளியூருக்குக் குடுத்தனுப்புறது? நம்ம ஊரப் பத்தி அவுக என்ன நெனப்பாக?”

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளி போதும் என்றால் இன்னொரு கரண்டி வைப்பார்கள். என்னுடைய ‘வேண்டாம்’ அந்தக் கணக்கில் போய்விட்டது. நடந்ததை விளக்கியதும் அவர் முகம் சுருங்கியது. “அப்ப வெசத்த நானே பறக்க விட்டுட்டேனா?” என்றார்.

மறுசோதனைக்கு மனுப் போட்டால், ஒருமுறை பார்த்தாயிற்றே என்றார்கள். என்ன எரிச்சல்! வாடை மூக்கைத் துளைக்கிறது, ஆனால் தாளில் இல்லை என்றால் இல்லையாம். மாதங்கள் ஓடின. அத்தனை நாளும் ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

ஒருநாள் சாலை வேலையைப் பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நானும் அன்று ஊராட்சி அலுவலகத்தில் இருந்தேன். வருகிறவர்களுக்கு அங்கே எப்போதும் கேன் தண்ணீர்தான். அன்று அம்மா குழாயடியிலிருந்து டம்ளரை மூடிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“குடிங்க சார். ஆத்தாமக் கொண்டாந்துருக்கேன்.”

அவர் வாயருகே கொண்டுபோய்விட்டு, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

“எங்க புள்ளைக இதத்தான் சார் குடிக்குதுக.”

வந்தவருக்கு நாற்றத் தண்ணீர் கொடுப்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்று எனக்குத் தெரியும். அதிகாரி அங்கேயே மறுசோதனைக்குக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை நானே பிடித்தேன். கரைப்பான் இருந்தது. கிணற்றைப் பூட்டினார்கள், லாரியில் வேறு தண்ணீர் வந்தது, பிறகு புதுக் குழாயும் வந்தது. அதுவரை குடித்ததை யார் திருப்பி எடுப்பது?

போன வாரம் மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து ஒரு குப்பி வந்தது. திறந்தால் சோப்பு வாசனை. “நல்லாத் தேச்சுக் கழுவித்தான் சார் புடிச்சோம்” என்றார் கொண்டுவந்தவர். இழுப்பறையைத் திறந்து பழைய குப்பியைப் பார்த்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, இன்னோர் ஊரிலிருந்து குப்பி வந்திருக்கிறது என்றேன்.

“அலசிட்டாகளா?” என்று அவரே கேட்டார். ஆமாம், சோப்பே போட்டு என்றேன்.

“குப்பி கெடக்கட்டும் தம்பி. அடுத்து வார ஆபீசருக்கு ஒரு டம்ளர் ஆத்தாமக் குடுக்கச் சொல்லுங்க.”