வரிசைப்படி மதுரைக்கு

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத வந்தது அதிகப்படி என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷமாகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஆயாவாக வேலை பார்த்தேன். குறைமாதக் குழந்தைகளுக்கென்று கண்ணாடிப் பெட்டியோடு தனி அறை கட்டினார்கள். திறப்பு விழாவன்று பெட்டிக்கும் மாலை போட்டார்கள். பெட்டியில் வைத்துக் குழந்தையைப் பார்க்கத் தெரிந்த நர்ஸ்தான் இல்லை. மதுரையில் பயிற்சி. போக ஒருவருக்குத்தான் இடம்.

சேத்தூரிலிருந்து வந்த இளம் நர்ஸ் போவாள் என்றிருந்தோம். அழுகிற பிள்ளை அவள் கை பட்டால் அடங்கும். ஆனால் உத்தரவு வந்தது பெரிய சிஸ்டர் பேருக்கு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச மாதங்களே இருந்தவர். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார்.

"எனக்கு எதுக்குய்யா இப்போ? வீட்டுக்குப் போற வயசு. அந்தச் சேத்தூர்ப் பிள்ளைய அனுப்புங்க."

"நேத்து வந்தவள அனுப்பிட்டு, பொறவு சீனியர் எல்லாரும் சேந்து என்னையப் பிச்சுப் பிடுங்கவா? சும்மா போயிட்டு வாங்க சிஸ்டர். அப்படியே மீனாட்சியக் கும்பிட்டுட்டு வரலாம்."

"நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரில்லா, அய்யா."

மேனேஜர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பயிற்சி என்பது தீபாவளி இனாம் மாதிரி. வரிசைப்படி கொடுத்துவிட்டால் கணக்கு நேர்.

பெரிய சிஸ்டர் போனார். அந்த வயதிலும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தார். பூட்டிக் கிடந்த அறை திறந்தது. முழங்கை வரை கை கழுவாமல் உள்ளே வந்த மேனேஜரையே வெளியே அனுப்பினார். சேத்தூர்ப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவளை ஆண்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாரும் எல்லா வார்டும் பார்க்க வேண்டுமாம். சாப்பாட்டு வேளையில் அவள் ஓடி வந்ததற்கும் மெமோ கொடுத்தார்கள்.

சிஸ்டரின் கடைசி நாளன்று பெட்டியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. மில் வேலைக்காரி ஒருத்தி ஏழாம் மாதத்தில் பெற்றது. பாலைக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"சம்பளம் வேண்டாம்யா. இந்தப் பிள்ள தேறுத மட்டும் வந்துட்டுப் போறேன்," என்று மேனேஜரிடம் கேட்டார் சிஸ்டர்.

"ரிட்டயர் ஆனவங்க உள்ள நின்னு, ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்ல?"

மாலை போட்டு, மிக்சரும் காப்பியும் கொடுத்தார்கள். வாசலில் அந்தத் தாய் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வருவீகளாம்மா?" என்றாள். சிஸ்டர் மேனேஜரைப் பார்த்தார். அவர் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அறையைப் பூட்டினார்கள். குழந்தையை வாடகைக் காரில் மதுரைக்கு அனுப்பினார்கள். வழியில் கல்லுப்பட்டி தாண்டுமுன் அது இறந்துவிட்டது. கார் திரும்பி வந்தது.