பிழியுற பாட்டும் மடிக்கிற பாட்டும்

வில்பட்டியிலிருந்து காலையில் கொடைக்கானலுக்குக் கிளம்பும் மினிபஸ்ஸில் ஒரு புதுப் பாட்டு பிழைக்க வேண்டுமென்றால் அது ராக்காயி அக்காவைத் தாண்டியாக வேண்டும். ஹீரோ யார், இசை யார் என்பதெல்லாம் அவரிடம் செல்லுபடியாகாது.

அக்காவுக்கு ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலை. சுற்றுலா வருகிறவர்கள் போர்த்திக்கொள்ளும் கனத்த கம்பளிகள் மெஷினில் அடங்காது. ஈரக் கம்பளியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, எதிரெதிராக முறுக்கிப் பிழிய வேண்டும். இரண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் கம்பளி நழுவித் தரையில் விழும். மறுபடி அலச வேண்டும். அதனால் அங்கே பாட்டில்லாமல் வேலை நடக்காது.

உலகத்துப் பாட்டுகளை அக்கா இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். வேகமானது பிழியுற பாட்டு. நிதானமானது, காய்ந்த பெட்ஷீட்டை மடிக்கிற பாட்டு. இரண்டிலும் சேராதது வெட்டிப் பாட்டு. வீட்டில் தான் முணுமுணுத்தால்கூட மார்க் போடுகிறாள் என்று அவர் கணவர் மாயன் புலம்புவார்.

நான் சாக்லேட் கடையில் வேலை பார்ப்பவள். டிரைவருக்குப் பின்சீட் எனக்கு. ஒவ்வொரு ஆல்பமும் வந்ததும் சென்னை விமர்சகர்கள் எழுதியதைப் போனில் பார்த்து உரக்கப் படிப்பேன். போன வருஷம் ஒரு பெரிய படத்தின் பாட்டுகளை அவர்கள் ஆகா ஓகோ என்று எழுதினார்கள். எனக்கும் உயிர். டிரைவர் போட்டதில் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏ புவனா, தாளம் ஒரு பக்கம் போவுது, பாட்டு ஒரு பக்கம் போவுது. இதைக் கேட்டுப் பிழிஞ்சா கம்பளி தரையிலதான் கெடக்கும். மாத்துங்க தம்பி."

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் சறுக்கியிருக்கிறார். அவர் வெட்டி என்று தள்ளிய ஒரு பாட்டு, அடுத்த மாதமே மலையிலுள்ள எல்லாக் கல்யாணத்திலும் ஒலித்தது. விடுவேனா? கேட்டேன். "அன்னைக்கு எனக்குப் பல்வலி" என்றார். இவ்வளவு நேர்மையான காரணத்தை எந்த விமர்சகர் சொல்லியிருக்கிறார்?

இப்படிப்பட்டவரிடம்தான் தமயந்தி தன் பாட்டை ஒப்படைத்தாள். தமயந்தி எங்கள் டிரைவர் செல்வமுருகனின் மனைவி, தையல்காரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே மாட்டாள். நண்பரின் ஸ்டூடியோவில் அவளை ஒரு பாட்டுப் பாட வைத்துவிட்டார் செல்வமுருகன். அதை யூட்யூபில் போட அவருக்கு ஆசை. அவள் கறாராகச் சொல்லிவிட்டாளாம்: "ராக்காயக்கா நல்லாருக்குன்னா போடுங்க. இல்லேன்னா அழிச்சிருங்க. அதுக்கப்புறம் என்னையப் பாடச் சொல்லப்படாது. யாரு பாடுனதுன்னு நீங்க மூச்சு விடக்கூடாது."

மனசு கேட்காமல் என்னிடம் மட்டும் மூச்சு விட்டிருந்தார். அவளோ அன்று காலை குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அட்டுவம்பட்டி தாண்டி டவுனை நெருங்கியதும் பாட்டு ஒலித்தது. பீன்ஸ் தோட்டத்துக்குப் போகிற ஒருத்தி, செருப்பைத் தேட வேண்டும், கொஞ்சம் நகரேன் என்று மூடுபனியிடம் சண்டை போடுகிற பாட்டு. அக்கா வழக்கம்போல் மடியிலிருந்த சால்வை நுனியை முறுக்கிப் பார்த்தார். கை நின்றது. மடித்துப் பார்த்தார். அதுவும் பாதியில் நின்றது.

"பிழியவும் ஆகல, மடிக்கவும் ஆகல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் தமயந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வமுருகன் பாட்டை மாற்றக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க தம்பி. மாத்தச் சொன்னேனா?"

லாட்ஜ் ஸ்டாப் வந்தது. உடன் வேலை செய்கிறவர்கள் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை.

"அக்கா, லாட்ஜ் வந்துருச்சு."

"கண்ணு தெரியுது. நீங்க ஓட்டுங்க."

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதுதான் பாட்டு முடிந்தது. "யாரு பாடுனது?" என்று கேட்டார் அக்கா. வாக்குக் கொடுத்த செல்வமுருகன் கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தார். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கடைசி சீட்டைக் காட்டினேன்.

அக்கா எழுந்து போய்த் தமயந்தியின் குல்லாவைத் தூக்கிப் பார்த்தார். "நீயா? என் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கையில எல்லாம் ஊமை கணக்கா நின்னியேடி."

"பிழியவும் ஆகலன்னு சொன்னீங்களேக்கா" என்றாள் தமயந்தி.

"ஆமா. ரெண்டுக்கும் ஆகல. கை சும்மா கெடந்துச்சு." பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சோலிக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து என் கை இப்படிச் சும்மா கெடந்ததே இல்ல புள்ள."

தமயந்தி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். செல்வமுருகன் பஸ்ஸை நிறுத்திய கையோடு போனை எடுத்துப் பாட்டை ஏற்றிவிட்டார், அவள் மனசு மாறுவதற்குள்.

முதல் விமர்சனம் ராக்காயி அக்காவுடையது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

"நல்ல பாட்டு. ஒரே கொறை, நீளம். நான் எறங்க வேண்டிய ஸ்டாப்பு போயிருச்சு."