மலை உச்சியில் போட்ட கோடு

இலங்கையில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பூரணி படித்த பள்ளிக்கூடத்துக்குச் சித்திர ஆசிரியர் என்று ஒருவர் வந்ததே இல்லை. அலுமாரியில் அட்டை கிழிந்த சித்திரப் புத்தகம் மட்டும் கிடந்தது. தொண்ணூற்று மூன்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்டடப் படம் வரையும் பயிற்சிக்கு அட்டனில் ஆள் எடுக்கிறார்கள், நேரில் ஒரு படம் வரைந்து காட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தாள். கிடைத்தால் டவுனில் உத்தியோகம். கிடைக்காவிட்டால் கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் பேர் பதிய வேண்டியதுதான். அம்மா மீனம்மா அதற்கும், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதைப் பிசகாமல் வரைய அந்தப் புத்தகம் ஒரு வழி சொன்னது. வானமும் பூமியும் சேரும் இடத்தில் படுக்கையாக ஒரு கோடு போடு. அதுதான் அடிவானம். கோட்டில் ஒரு புள்ளி வை. கூரை விளிம்பு, சுவரின் அடி, ரோட்டோரம் எல்லாம் ஓடிப்போய் அந்தப் புள்ளியில் சேரட்டும்.

எழுதிய மகராசன் மலைநாட்டை எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டான். பூரணியின் ஊரில் வானம் எங்கே பூமியைத் தொடுகிறது? கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், எதிர்மலை உச்சியில். அவள் கோட்டை அங்கேதான் போட்டாள்.

கீழ் ரோட்டில் உட்கார்ந்து மேட்டில் வரிசை வீடுகளாக நின்ற லயத்தை வரைந்தாள். படத்தில் தகரக் கூரையின் முதுகு முழுசாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. அச்சடித்த புத்தகம் பொய் சொல்லுமா, நம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினாள். பாவி மகள், தன் கண்ணை நம்பியிருக்கலாம்.

"கோடு கோடா இழுத்துக்கிட்டே இருக்கியே, இது சோறு போடுமாடி?" என்றாள் மீனம்மா.

"போடும்மா. கொஞ்சம் பொறு."

ஆள் எடுத்த அன்று அட்டனில், எதிரே இருந்த நீளக் கட்டடத்தை வரையச் சொன்னார்கள். பின்னால் மலை. பூரணி உச்சியில் கோட்டை இழுத்தாள். மற்றவர்கள் அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்க, இவள் முதல் ஆளாக எழுந்து கொடுத்தாள். சோதித்தவர் பேரின்பநாயகம் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி.

"பிள்ளை, எங்கை இருந்து கீறினனீர்? முகட்டிலை ஏறி இருந்தோ?"

"இல்லீங்க சார். இந்தப் பெஞ்சுலதாங்க உக்காந்திருந்தேன்."

"கை வலு சுத்தம். ஆனா அடிவானம் எண்டது மலை உச்சியில்லை, உம்மடை கண் மட்டம்." தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கண் மட்டமா? கண் மட்டத்தில் தேயிலைதானே நிற்கிறது, அங்கே வானத்துக்கு எங்கே போவது? திரும்பி வரும் பஸ்ஸில் நெற்றியை ஜன்னலில் முட்டிக்கொண்டு யோசித்தாள். விளங்கவில்லை. தோற்றதைக்கூடத் தாங்கியிருப்பாள். எதனால் தோற்றோம் என்றே தெரியாதது நெஞ்சை அரித்தது. மறுபடி ஆள் எடுத்தபோது வயது கடந்திருந்தது. பேர் பதிந்தாள். விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றாள். மலையை நிமிர்ந்து பார்க்கவே பிடிக்காமல் போயிற்று.

இரண்டாயிரத்து மூன்றில் கொழும்பு வெள்ளவத்தையில் சிவகௌரி என்ற அம்மா வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். வந்த வாரத்தில் ஒரு பின்னேரம் அந்த அம்மா அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தண்டவாளத்தைத் தாண்டியதும் எதிரே தண்ணீர், அதன் மேல் வானம், நடுவில் ஒரே நேர்க்கோடு. அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நேரே கண்ணுக்கு எதிரில் இருந்தது.

செருப்பு வாரைச் சரிசெய்யக் குந்தினாள். கோடும் அவளோடு இறங்கியது. எழுந்தாள், ஏறியது. மறுபடி குந்தினாள். அப்போதுதான் அந்தக் ‘கண் மட்டம்’ விளங்கியது. மலையை எடுத்துவிட்டால் அந்தக் கோடு எங்கே இருந்திருக்கும் என்பதும், லயத்துக் கூரை எப்படி விழுந்திருக்க வேண்டும் என்பதும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு பென்சிலும் தாளும் கொடுத்தால் இந்த நிமிஷமே வரைந்துவிடுவாள். யாரிடம் காட்டுவது? வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன பூரணி, முந்தி கடல் காணேல்லையே?" சிவகௌரி சிரித்தாள்.

"இல்லீங்கம்மா."

"சரி, எழும்பு. இருட்டுது. இரவைக்கு இடியப்பம் அவிக்கோணும்."