சம்பந்திக்கு லீவு

சிதம்பரம் மேலவீதியில் ஒரு பாத்திரக்கடை. அங்கே இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளராக இருப்பவர் மணவாளன். கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள், இவரைத்தான் தேடுவார்கள். வார விடுமுறை தவிர இன்னொரு லீவு இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார். தான் ஒருநாள் வராவிட்டால் ஊரில் யாருக்கும் குத்துவிளக்கு கிடைக்காது என்று உறுதியாக நம்பியவர்.

அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆளோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கும் சம்பந்தி செந்தமிழ்ச்செல்வன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மகள் இளவரசியின் கல்யாணப் பத்திரிகையை மணவாளன்தான் அச்சடித்தார். அதில் சம்பந்தியின் பெயருக்கு நடுவே இருக்கவேண்டிய ‘ச்’ விடுபட்டுப்போனது. சம்பந்தி சிவப்பு மையால் அதைத் திருத்தி, ஓரத்தில் பத்துக்கு ஆறு என்று மதிப்பெண்ணும் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதோடு சரி. நான்கு வருடமாக இருவரும் பிள்ளைகள் மூலமாகத்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரில். இளவரசிக்குப் பிரசவம் பார்க்க மணவாளனின் மனைவி பட்டம்மாளும் அங்கே போயிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

“ஏங்க, சம்பந்தி பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாராம். தொட எலும்பு முறிஞ்சிபோச்சாம். பக்கத்து வூட்டுக்காரங்க ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. நாளைக்கு ஆபரேசன். இவளுக்கு நாள் நெருங்கிடுச்சி, மாப்ளையால நவுர முடியாது. நீங்கதான் போவணும்.”

“நானா?”

“வேற யாரு இருக்கா? நீங்களும் அங்க சும்மாதான இருக்கீங்க?”

இருபத்திரண்டு வருட உழைப்பை ஒரே வார்த்தையில் துடைத்துப்போட்டாள். ஆனாலும் மணவாளன் முதலாளி ஸ்ரீதர் முன்னால் போய் நின்றார். ஸ்ரீதருக்கு முப்பது வயது. அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்ப்பவன்.

“அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ளன்னா சரிண்ணே. சம்பந்திக்கெல்லாம் யாராவது லீவு குடுப்பாங்களா? ஆடி முடியப்போவுது, அடுத்தடுத்து முகூர்த்தம்.” கொஞ்சம் யோசித்தான். “ஒண்ணு பண்ணுங்க. அண்ணன்னு எழுதிக் குடுங்க, நாலு நாளு தர்றேன்.”

மணவாளனுக்குச் சுருக்கென்றது.

“அந்த ஆள அண்ணன்னு எழுதணுமா? என்னால முடியாது மொதலாளி. சம்பந்தின்னுதான் எழுதுவேன்.”

பில் போடும் அமராவதி எழுந்து சரக்கு அறைக்குப் போனாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னாலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் சுருக்கம்.

“இதப் பாருங்கண்ணே. வருசத்துக்குப் பன்னண்டு நாளு தற்செயல் விடுப்பு, சம்பளத்தோட. நியாயமான எந்தக் காரணமா இருந்தாலும் சரின்னு இருக்கு. ஒடம்பு முடியலன்னா எடுக்கறது வேற பன்னண்டு. அது அவங்கவங்க ஒடம்புக்கு. இதுல யாரும் ஒறவு மொற கேக்கல.”

ஸ்ரீதர் தாளை இரண்டு முறை படித்தான். சம்பந்தி கூடாது என்று எங்காவது ஒரு வரி இருக்குமா என்று தேடியது அவன் முகத்திலேயே தெரிந்தது. அப்படி இல்லை. வீட்டு மனிதரைப் பார்த்துக்கொள்ள என்று தனியாக ஒரு லீவும் அதில் இல்லைதான். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைய முடியாமல் கிடக்கும் மனிதரைப் பார்க்கப் போவது நியாயமில்லை என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

“இது எத்தன நாளா இங்க மாட்டியிருக்கு?”

“ஒங்க அப்பா காலத்துலேருந்து” என்றாள் அமராவதி.

கடலூர் ஆஸ்பத்திரியில் சம்பந்தி வரவேற்ற விதம் எதிர்பார்த்ததுதான்.

“யார் வரச் சொன்னது? கடை இல்லையா?”

“லீவு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”

“என்ன காரணம் எழுதினீர்கள்?”

“சம்பந்தி உடல்நிலைன்னு.”

“உடல்நிலை சரியில்லை என்று எழுத வேண்டும். வெறும் உடல்நிலை எல்லோருக்கும் இருக்கிறது.”

மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள்தான் சங்கடம் வந்தது. படுக்கையிலேயே மலம் கழிக்க வேண்டும். நர்ஸ் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். சம்பந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மத்தியானம்வரை அடக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது. பிறகு மெல்லிய குரலில், “சம்பந்தி” என்றார். நான்கு வருடத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மணவாளன் திரையை இழுத்துவிட்டு, பாத்திரத்தைச் சரியாக வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அந்த மனிதருக்குக் கூச்சமாக இருக்கக்கூடாதே என்று, நல்ல பித்தளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார். இப்போது வைத்த பாத்திரத்தைப் பற்றியும், “தகடு ரொம்ப மெல்லிசு, வருசம் தாங்காது” என்று கருத்துச் சொன்னார். முதுகுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. வலியில் முனகியபடியே வந்த சிரிப்பு.

ஒன்பதாம் நாள் சிங்கப்பூரில் பேத்தி பிறந்தாள். சின்ன போன் திரையில் குழந்தையைப் பார்க்க இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. மூக்கு யாருடையது என்பதில் கொஞ்சம் சண்டை நடந்தது. பிறகு சம்பந்தி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏசிக் காற்று என்றார். அந்த அறையில் ஏசி இல்லை.

பன்னிரண்டு நாளும் தீர்ந்தது. மணவாளன் சம்பந்தியை வீட்டில் கொண்டுவந்து விட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டுப் பையை எடுத்தார்.

“வேறு விடுப்பு மிச்சம் இருக்கிறதா?” என்றார் சம்பந்தி.

“ஒரு வருசம் முடிச்சவங்களுக்கு இன்னொரு பன்னண்டு நாளு இருக்காம். அத வச்சி பேத்தியப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்.”

“பாருங்கள், பாருங்கள்.” சம்பந்தி போர்வையைச் சரிசெய்துகொண்டார். “வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். ஒரு நாள் மட்டும்...” அதற்குமேல் அவருக்கு வாக்கியம் வரவில்லை.

“வர்றேன் சம்பந்தி” என்றார் மணவாளன்.

மறுநாள் கடையில், வியாழக்கிழமைக்கு லீவு கேட்டுப் புதுக் கடிதத்தை நீட்டினார். ஸ்ரீதர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

“இப்ப எப்படிண்ணே இருக்காரு?”

“காலு தேவல மொதலாளி. வாய்தான் அப்படியே இருக்கு.”