மோடத்துக்கு அம்மா தைத்த உறை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இணையம் வந்த கதையை அலுவலகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மாமா மோடத்தோடு மல்லுக்கட்டிய இடம் வரைக்கும் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்வேன். மீதிக் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. கிழக்குத் தாம்பரத்தில் முன் போர்ஷனில் நாங்கள் இருந்தோம். பின் போர்ஷனில் ஒரு அக்காவும் அவளுடைய அம்மாவும் குடியிருந்தார்கள். அக்காவுக்கு ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை. எங்கள் வரிசையில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதனால் நாலைந்து வீட்டுக்காரர்கள் எங்கள் எண்ணை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டு, தங்கள் எண்ணாகக் கொடுத்திருந்தார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் ஓடிப்போய்க் கூட்டி வருவது என் வேலை. பி.பி.க்காரர்களுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. வருவார்கள், பேசுவார்கள், ரிசீவரை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டுப் போவார்கள். மணி அடிக்காத போனை மட்டும் ஒருவரும் தொட மாட்டார்கள்.

அக்காவுக்கு ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் பம்பாயிலிருந்து அழைப்பு வரும். அந்த நேரத்தில் நாங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், ஆராதனையில் இருப்போம் என்பதால் அம்மா சாவியை அவளிடம் கொடுத்துவிடுவாள். பேசுவது அவளுடைய அண்ணன் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். எனக்குக் காய்ச்சலாயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். "ம்... ம்... சரி... ம்" என்று கால் மணி நேரம் போனது. அண்ணனுக்கு 'ம்' கொட்டுவதற்கு எதற்கு இத்தனை பவுடர், இவ்வளவு மல்லிகைப்பூ என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தார். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டார். "ஓசியில வந்தது எப்படிடா ஓடும்?" என்றார் அப்பா. ஓடியது. ஆனால் போன் லைன் வழியாக இணையத்தை எடுக்க உள்ளே இருந்த மோடம் கார்டு மட்டும் அதோடு பேசவே மாட்டேன் என்றது. மூன்று வாரம் மாமா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து, கை கழுவாமலே திரை முன்னால் உட்கார்ந்து, மாலையில் தோற்றுப்போய்த் திரும்பினார். நாலாவது வாரம் கடையிலிருந்து வெளியே வைக்கும் மோடம் ஒன்றைத் தூக்கி வந்தார். முன்பக்கம் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். டயல் செய்யும் எண், பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, கட்டளையைத் தட்டியதும் அது கீச்சிட்டு, இரைந்து, திடீரென்று அடங்கியது. இணைப்பு வந்துவிட்டது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"பன்னிய அறுக்கிற மாதிரி இல்ல கத்துது" என்றார் அப்பா. மாமா கோப்பில் ஒரு வரி சேர்த்து அதன் வாயை அடைத்தார். தூசி படியக் கூடாதென்று அம்மா, மானிட்டருக்குத் தைத்த அதே பூப்போட்ட துணியில் மோடத்துக்கும் ஓர் உறை தைத்தாள். இணையத்தில் இருக்கும்வரை வெளியிலிருந்து போன் வராது என்பதால் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "நம்மள நம்பி நாலு பேர் நம்பர் குடுத்திருக்காங்க. இதனால ஒரு போன் தவறிச்சின்னாலும் இந்தப் பெட்டி திரும்பக் கடைக்குத்தான்."

அப்பா சொன்னபடி நடக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை, திரையில் தமிழ் எழுத்துகளைப் பார்ப்பது. அதற்கான எழுத்துரு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி இறங்கியதும் இணைப்பு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை இப்படி ஆனதும் மாமா அச்சடித்துத் தந்த உதவிக் குறிப்புகளைத் துழாவினேன். இணைப்பு அறுந்தால் விடாமல் மறுபடி டயல் செய்யச் சொல்லும் ஒற்றைச் சொல் கிடைத்தது. யாரையும் கேட்காமல் அதைக் கோப்பில் சேர்த்தேன். எவ்வளவு பெருமை!

மறுநாள் ஞாயிறு. அன்று மாலை அரக்கோணத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் வீட்டு நாற்காலிகள் மூன்று காலையிலேயே பின்பக்கம் போயிருந்தன. பம்பாயிலிருந்து பேசுகிறவர் அதற்குள் தங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரு முடிவு சொல்வதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கோயிலுக்குக் கிளம்பும்வரை நான் இணையத்தில் இருந்தேன். "வாடி, மணியாச்சு" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள். இணைப்பை நிறுத்தும் கட்டளையை நான் தட்டவில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானே அறுந்துவிடும், அதுதான் என் வழக்கம். முந்தின நாள் சேர்த்த சொல் நினைவுக்கு வரவில்லை. மானிட்டரை அணைத்தேன். உறைகளைப் போட்டு மூடிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. அக்கா போனுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் போல ஒரு புடவை, தலை நிறையப் பூ. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அக்கா இல்லை என்று தலையசைத்தாள். அம்மா உள்ளே போனாள்.

அக்கா சாவியை என்னிடம் நீட்டினாள். "போன் நல்லாத்தானே கீது பாப்பா?"

அதற்குள் நான் மோடத்தின் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். சிவப்பு விளக்குகள் மும்முரமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அறுந்து அறுந்து, மறுபடி டயல் செய்துகொண்டே இருந்திருக்கிறது. அக்கா ஒரே ஒரு தடவை ரிசீவரை எடுத்திருந்தால் அந்த இரைச்சல் காதில் விழுந்திருக்கும். மணி அடிக்காத போனை அவள் எப்படித் தொடுவாள்?

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றேன்.

"ம்" என்றாள் அக்கா.

அவள் போனதும் மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். கோப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தேன். காலையிலிருந்து எத்தனை முறை டயல் ஆனது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த பதிவையும் அழித்தேன். இன்று எனக்குச் சம்பளம் தருவதே இந்த மாதிரிப் பதிவுகளைப் படிக்கும் வேலைதான். நான் வேண்டுமென்றே அழித்தது அது ஒன்றைத்தான்.

மாலையில் வந்தவர்களுக்கு அக்காவைப் பிடித்துப்போனது. அக்காவும் சரி என்றாளாம். புதன்கிழமை பூ வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு சளி என்று சொல்லி நான் கோயிலுக்குப் போகவில்லை. எழுத்துருதான் உண்மையான காரணம். ஆனால் பத்து மணி நெருங்கியதும் இணைப்பை ஒழுங்காக நிறுத்தி லைனைக் காலியாக விட்டுவைத்தேன். செய்த தப்புக்கு அது போதும் என்று நினைப்பு. பத்து அடித்ததும் போன் அடித்தது.

"பின் போர்ஷன்ல கொஞ்சம் கூப்பிடும்மா" என்றது ஆண்குரல். பிறகு அவராகவே, "போன வாரம் முழுக்க எங்கேஜ்டாவே இருந்துச்சும்மா. ரெண்டு மணி நேரம் பூத்துலயே நின்னுகினு இருந்தேன்" என்றார்.

நான் ஓடினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போன் என்றதும் அவள் கை நின்றது.

"நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு பாப்பா" என்றாள்.

'அக்கா, அவர் போன வாரமும் கூப்பிட்டாராம்.' இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பாள், அப்பாவுக்குத் தெரியும், பெட்டி கடைக்குப் போய்விடும். முழுங்கிவிட்டேன். அண்ணன் சொல்ல வந்தது என்னவானாலும் பூ வைத்துவிட்டார்களே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பெரிய மனுஷி மாதிரி சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்துக்காகத்தான் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காமல் போகிறது. அக்கா அரக்கோணம் போய் எத்தனையோ வருடமாகிறது. வராத போனுக்கு அவளே ஒரு காரணத்தை நினைத்துக்கொண்டு அங்கே போனாள். அந்தக் காரணம் பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்ப வந்து ரிசீவரை எடுத்தேன். "அக்கா ஊர்ல இல்லைங்க."

பின்னால் பூத்தில் யாரோ இந்தியில் அவசரப்படுத்துவது கேட்டது.

"ம்" என்றார்.

அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். லைன் சும்மாதானே இருக்கிறது என்று மறுபடி மோடத்தை இணைத்தேன். அன்றைக்கு எழுத்துரு அறுபடாமல் முழுதாக இறங்கியது.